பிழையில்லாத வாக்கியங்கள், நகராத பத்தி

பத்து ஆண்டுகளாக ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிவரும் பொறியாளர், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதவிருக்கும் செவிலியர், ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதியே ஆகவேண்டிய முனைவர் பட்ட மாணவர். இப்படிப்பட்டவர்களுக்குப் பாடம் எடுக்க உட்காரும் ஆசிரியர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது இலக்கணப் புத்தகத்தைத்தான். காலங்கள், செயப்பாட்டு வினை, நிபந்தனை வாக்கியம் என்று மறுபடியும் முதலிலிருந்து ஓட்டுவார். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய மொழிச் சட்டகத்தில், நான்காம் படியான பி2வைக் கடந்து சி1 பக்கம் நிற்கும் ஒருவருக்கு அதில் கிடைப்பது மிகக் குறைவு. அவர் எழுதியதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். சேர்த்துப் படித்தால், வாசிப்பவர் நடுவில் நின்று திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிதான் இந்த நிலையில் பாடம். அதை எழுத்து வகுப்பில் மட்டும் சரிசெய்ய முடியாது. பாதி வேலை வாசிப்பில் இருக்கிறது. திங்கள் வாசிப்பு, புதன் எழுத்து என்று பாடத்திட்டம் போடுவதுதான் நான் காணும் முதல் தவறு.

இங்கே சொல்வது தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மனத்தில் வைத்து. காரணம், இடறும் இடங்களில் பல தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து நேராக வருகின்றன.

முதல் நாள் தாள்

அவரவர் வேலை சம்பந்தமான ஒரு விஷயத்தைப் பற்றி 250 முதல் 300 சொற்கள் எழுதச் சொல்லுங்கள். 40 நிமிடம். அகராதி வேண்டாம், போன் வேண்டாம். அந்தத் தாளை முதல் தடவை படிக்கும்போது பிழைகளைத் தொடாதீர்கள். எங்கே நின்று திரும்பிப் படித்தீர்களோ, அங்கே மட்டும் ஓரத்தில் ஒரு கோடு. இரண்டாம் தடவை படிக்கும்போது பிழையுள்ள வரிக்கு நேரே ஒரு புள்ளி. பிழை எது என்று காட்ட வேண்டாம். தாளைத் திருப்பிக் கொடுத்து 15 நிமிடம் விட்டால், புள்ளி வைத்த வரிகளில் கணிசமானவற்றை அவர்களே திருத்திவிடுவார்கள். அவற்றுக்குப் பாடம் தேவையில்லை. எழுதி முடித்ததும் ஒருமுறை நிதானமாகப் பார்க்கும் பழக்கம் போதும். திருத்தத் தெரியாமல் மிஞ்சும் புள்ளிகள்தான் இலக்கணப் பாடத்துக்கு உரியவை. ஒருவருக்கு அவை பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். ஓரக் கோடுகளோ வேறு கதை. இனி வருவதெல்லாம் அந்தக் கோடுகளைப் பற்றியது.

வாசிப்பு: வினையைத் தேடி, வலமிருந்து இடமாக

வேகத்துக்காக வாசிப்பது ஒன்று, பிரித்துப் பார்க்க வாசிப்பது வேறொன்று. ஒரே கட்டுரையை வைத்து இரண்டையும் செய்யக்கூடாது. அகராதி இல்லாமல் சரளமாக வாசிக்க, ஓடும் சொற்களில் 98 சதவீதமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளம் பற்றிய ஆய்வுகளில் நிலைத்துவிட்ட கணக்கு. 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். நாளிதழையும் நாவலையும் அந்த அளவில் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். வகுப்பில் இதைச் சோதிப்பது எளிது. கட்டுரையின் முதல் 200 சொற்களில் தெரியாததை அடிக்கோடிடச் சொல்லுங்கள். நான்குக்கு மேல் போனால் அது வேகப் பயிற்சிக்கு ஆகாது.

வேகம் ஏன் முக்கியம் என்பதை, வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கின் வாசிப்புப் பகுதியை வைத்தே காட்டலாம். மூன்று பகுதிகள், மொத்தம் 2,150 முதல் 2,750 சொற்கள், 40 கேள்விகள், 60 நிமிடம். நிமிடத்துக்கு 150 சொல் வாசிப்பவருக்கு 2,750 சொல்லையும் ஒருமுறை படிக்கவே 18 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். 100 சொல் என்றால் 27 நிமிடத்துக்கு மேல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் கட்டுரை வகை எழுத்தை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். அந்த எண்ணை யாரும் எட்ட வேண்டியதில்லை. 150இலிருந்து 180க்குப் போனாலே தேர்வறையில் மூச்சு விட இடம் கிடைக்கும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 500 சொல்லில் ஒரு பகுதி, கடிகாரம் வைத்து, பின்னோக்கிப் போகாமல் வாசித்து, முடிந்ததும் பார்க்காமல் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஐந்தும் சரியாக இருந்தால் அவர் இன்னும் வேகமாகப் போகலாம். மூன்றுக்குக் கீழே வந்தால் கண் ஓடுகிறது, மனம் ஓடவில்லை என்று அர்த்தம்.

சொல்லெல்லாம் தெரிந்தும் வாசிப்பு தடைபடுகிறது என்றால், பெயர்ச்சொல் தொடர்தான் காரணமாக இருக்கும். தமிழில் அடைமொழி எதுவானாலும் பெயருக்கு முன்னாலேயே நிற்கும்: 'தேர்தலைத் தள்ளிவைக்கக் குழு எடுத்த முடிவு'. ஆங்கிலத்தில் 'முடிவு' முதலில் வந்துவிடும், அதன் வால் பின்னால் நீளும்: 'தி டிசிஷன் ஆஃப் தி கமிட்டி டு போஸ்ட்போன் தி எலெக்ஷன்ஸ் ஹேஸ் ட்ரான் கிரிட்டிசிசம்'. தமிழ் வாசகர் 'எலெக்ஷன்ஸ்' என்ற இடத்தில் நிற்கிறார். வினைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதையே எழுவாயாக எடுத்துக்கொள்கிறார். எழுதும்போது அதே இடத்தில் 'ஹேவ் ட்ரான்' என்று எழுதிவிடுகிறார். இரண்டும் ஒரே பிழை. இதற்கான பயிற்சி எளிமையானது: நீண்ட வாக்கியங்கள் பத்து எடுத்து, முதலில் முற்றுவினையை வட்டமிட வேண்டும். பிறகு அதிலிருந்து இடப்பக்கம் நகர்ந்து, அந்த வினையைச் செய்வது எந்த ஒற்றைச் சொல் என்று கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் இருப்பதையெல்லாம் அடைப்புக்குள் போட வேண்டும். ஒரு வாரம் தினமும் பத்து வாக்கியம் செய்தால் கண் பழகிவிடும்.

அடுத்தது, யார் குரல் என்ற கேள்வி. தமிழில் பிறர் சொன்னதை 'என்று' போட்டு மூடுகிறோம். நாம் பொறுப்பேற்காத செய்தி என்றால் 'வந்தாராம்' என்று வினையிலேயே ஒட்டிவிடுகிறோம். ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்த அடையாளம் இருக்கும். ஆங்கிலக் கட்டுரையில் 'கிளெய்ம்ஸ்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அடுத்த மூன்று வாக்கியங்களை அதன் நிழலிலேயே ஓட்டிவிடுவார்கள். அந்த மூன்றையும் ஆசிரியரின் சொந்தக் கருத்தாக நம் மாணவர் படித்துவிடுகிறார். வினைச்சொல்லின் நிறமும் தவறிவிடுகிறது. 'பாயிண்ட்ஸ் அவுட்' என்று எழுதியவர் அந்தக் கருத்தை உண்மை என்று ஏற்கிறார், 'கிளெய்ம்ஸ்' என்று எழுதியவர் தள்ளி நிற்கிறார், 'ஆர்க்யூஸ்' நடுவில். இன்னொரு பொறி, 'இட் இஸ் ட்ரூ தட்', 'அட்மிட்டட்லி' போன்றவை. எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு, 'பட்' என்று திரும்பிவரத்தான் அவை. விட்டுக்கொடுத்ததையே முடிவாக எடுத்துக்கொண்டால் கேள்விகள் வரிசையாகத் தவறும். இரண்டு நிற ஹைலைட்டர் போதும்: ஆசிரியர் பொறுப்பேற்பது ஒரு நிறம், மற்றவர் குரல் இன்னொரு நிறம். ஒரு பக்கத்துக்கு நிறம் தீட்டி, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் பேசினால் 20 நிமிடத்தில் ஒரு முழுப் பாடம் முடிந்துவிடும்.

வாசித்ததைக் கலைத்து மீண்டும் எழுதுவது

வாசிப்பையும் எழுத்தையும் ஒட்டவைக்கும் பயிற்சிகளில் இதைவிடச் சிறந்தது ஒன்றை நான் அறியேன். புதியதும் அல்ல. பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிய காலத்தில் பெஞ்சமின் ஃபிராங்கிளின் இதைத்தான் செய்தார். லண்டனிலிருந்து வந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதி, சில நாள் கிடப்பில் போட்டு, பிறகு குறிப்பை மட்டும் பார்த்துக் கட்டுரையைத் திரும்ப எழுதினார். மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறைகளைத் திருத்தினார். குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு, சில வாரங்கள் கழித்து வரிசைப்படுத்தியும் பார்த்தார்.

பெரியவர்களின் வகுப்புக்கு இதை இப்படிப் பொருத்தலாம். 120 முதல் 150 சொல்லில், ஏழெட்டு வாக்கியங்கள் உள்ள, வாதம் செய்யும் ஒரு பத்தி. முதல் சுற்றில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுத வேண்டும்: கருத்து வைக்கிறது, காரணம் தருகிறது, உதாரணம், விட்டுக்கொடுப்பு, திரும்புதல். பொருளை எழுதக்கூடாது. இரண்டாம் சுற்றில் வாக்கியத்துக்கு நான்கு சொல்லுக்கு மிகாமல் பொருள் குறிப்பு. மூலத்தை மூடிவிட்டு இரண்டு நாள் கழித்து எழுத வேண்டும். அன்றே எழுதினால் நினைவுதான் எழுதும். ஒரு வாரம் விட்டால் குறிப்பே புரியாமல் போய்விடும்.

குறிப்பு நீண்டுவிடுவதுதான் இதில் வழக்கமாக வரும் கோளாறு. நான்கு சொல் என்று சொன்னாலும் மூலத்தின் தொடரை அப்படியே தூக்கி வைத்துவிடுவார்கள். பிறகு எழுதுவது நகலாகிவிடும். அதற்கு ஒரே வழி, குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்வது. ஆங்கில வகுப்பில் தமிழா என்று தயங்க வேண்டாம். தமிழ்க் குறிப்பிலிருந்து ஆங்கில வாக்கியத்தைக் கட்டும்போதுதான் எது இன்னும் கைவரவில்லை என்பது வெளியே வருகிறது. ஒப்பிடும்போது எல்லா வேறுபாட்டையும் துரத்தாமல் மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: வாக்கியம் எதில் தொடங்குகிறது, 'எ', 'தி' எங்கே இருக்கிறது, வினையோடு எந்த முன்னிடைச்சொல் ('ஆன்', 'அட்' போன்றது) வந்தது. தொடக்கம்தான் மூன்றிலும் மதிப்புமிக்கது.

தெரிந்ததில் தொடங்கு, புதியதில் முடி

தொடக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சாதாரண உதாரணம். மாணவர் ஆங்கிலத்தில் எழுதிய மூன்று வாக்கியங்களின் பொருள் இதுவென்று வையுங்கள்: 'மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. டெல்டா விவசாயிகள் ஜூன் 12ஆம் தேதியை எதிர்பார்த்திருப்பார்கள். அணையைத் திறக்கும் வழக்கமான நாள் அது.' மூன்றும் சரி. ஆனால் அணையிலிருந்து விவசாயிக்கு ஏன் தாவினோம் என்பது மூன்றாம் வாக்கியம் வரும் வரை தெரியாது. மாற்றிப் பாருங்கள்: 'மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த அணையிலிருந்து வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறக்கப்படும். அந்தத் தேதியைத்தான் டெல்டா விவசாயிகள் எதிர்பார்த்திருப்பார்கள்.' முந்தைய வாக்கியம் எங்கே முடிந்ததோ, அடுத்தது அங்கே கை வைத்துத் தொடங்குகிறது.

தமிழில் 'தான்', 'உம்', 'ஓ' ஆகிய இடைச்சொற்கள் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கின்றன. 'நேற்று வந்தது அவர்தான்' என்றும் சொல்லலாம், 'அவர்தான் நேற்று வந்தார்' என்றும் சொல்லலாம். சொல்லை எங்கே வைத்தாலும் 'தான்' காப்பாற்றிவிடும். ஆங்கில எழுத்தில் குரலும் இல்லை, 'தான்' என்பதும் இல்லை. வாக்கியத்தின் கடைசி இடம்தான் அழுத்தம் விழும் இடம். நம்மவர்கள் முக்கியமான சொல்லை நடுவில் போட்டுவிட்டு, 'இன் மை ஒப்பீனியன்' அல்லது 'நௌவடேஸ்' என்று முடிக்கிறார்கள். அழுத்தம் போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது.

செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொல்லி மாணவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கணினியின் திருத்தியும் அதன்கீழ் கோடு போடுகிறது. மேலே உள்ள உதாரணத்தில் 'தண்ணீர் திறக்கப்படும்' என்பது இல்லாவிட்டால் இரண்டாம் வாக்கியம் 'நீர்வளத்துறை' என்று புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து தொடங்க வேண்டியிருக்கும். தெரிந்ததை முன்னால் வைக்க உதவுவது செயப்பாட்டு வினையின் முதன்மையான பயன்களில் ஒன்று. அதை இந்த இடத்தில் வைத்துக் கற்பித்தால் ஒரே நாளில் புரிகிறது.

எழுதிய பத்தியைச் சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் ஐந்து சொற்களை மட்டும் தனித்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் படியுங்கள். அந்தப் பட்டியல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகிறதா, ஒவ்வொரு வரியிலும் புது ஆள் வருகிறாரா என்பது உடனே தெரியும். அதோடு, 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'ஹவெவர்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒருமுறை படிக்க வேண்டும். பொருள் கெடாத இடத்தில் அந்தச் சொல் அலங்காரமாகத்தான் நின்றது, எடுத்துவிடலாம். 'ஹவெவர்' எடுத்த பிறகும் முரண் தெரியவில்லையென்றால், அங்கே முரணே இல்லை. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் உச்சமான ஒன்பதாம் நிலைக்கான வரையறையும், வாக்கியங்களின் பிணைப்பு மிக அரிதாகவே கவனத்தை ஈர்க்க வேண்டும் என்றே கேட்கிறது. பத்திக்கு ஐந்து இணைப்புச் சொல் போட்டால்தான் மதிப்பெண் என்று சில பயிற்சி நிலையங்கள் சொல்லித்தருவது இதற்கு நேர் எதிரானது. அந்தச் சொற்களைவிட நன்றாக உழைப்பது 'திஸ்' என்பதோடு ஒரு பெயர்ச்சொல்: 'திஸ் டிலே', 'திஸ் ஷிஃப்ட்', 'திஸ் அசம்ப்ஷன்'. முந்தைய வாக்கியம் முழுவதையும் ஒரே சொல்லில் சுருட்டிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குகிறது. வெறும் 'திஸ்' என்று விட்டால் எதைச் சொல்கிறது என்று வாசகர் தேட வேண்டியிருக்கும்.

எச்சத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'மழை பெய்து குளம் நிறைந்தது.' பெய்தது மழை, நிறைந்தது குளம். தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சுதந்திரத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஆஃப்டர் ஃபினிஷிங் தி மீட்டிங், தி ரிப்போர்ட் வாஸ் சென்ட்' என்று வருகிறது. ஆங்கில வாசகருக்கு அறிக்கையே கூட்டத்தை முடித்தது போல இருக்கும், ஏனென்றால் அங்கே 'இங்' வடிவம் பின்னால் வரும் எழுவாயைத்தான் பிடித்துக்கொள்ளும். விதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். 'குளம் நிறைந்தது' வாக்கியத்தை வைத்துச் சொன்னால் மறப்பதில்லை.

எதை விடுவது

ஓஇடி எழுதும் செவிலியர்களுக்கு மொழியைவிட, எதை எழுதுவது எதை விடுவது என்று பிரிப்பதுதான் கஷ்டம். அதன் எழுத்துப் பகுதியில் நோயாளி பற்றிய குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், கடிதம் எழுத 40 நிமிடம், கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொற்கள். குறிப்பில் இருப்பது எல்லாவற்றையும் எழுதினால் 350ஐத் தாண்டும். மருத்துவமனையில் எதையும் விடாமல் பதிவுசெய்யப் பழகியவர்களுக்கு ஒரு வரியை விடுவதே பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை மதித்துத்தான் பாடம் எடுக்க வேண்டும். ஒரே குறிப்பை வைத்து இரண்டு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: ஒன்று பிசியோதெரபிஸ்டுக்கு, இன்னொன்று வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றும் செவிலியருக்கு. எழுதும் முன் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, 'இது தெரியாவிட்டால் நாளைக்கு அவர் வேலை கெடுமா?' என்று கேட்டு ஆம் அல்லது இல்லை போட வேண்டும். முப்பது வயதில் நடந்த குடல்வால் அறுவை இரண்டு கடிதத்திலும் இடம்பெறாமல் போய்விடும். ஒவ்வாமை இரண்டிலும் இருக்கும். கடிதத்தின் நோக்கம் முதல் பத்தியிலேயே வர வேண்டும். நோக்கத்துக்கு 3 வரை, மற்ற ஐந்து அளவுகோல்களுக்குத் தலா 7 வரை மதிப்பெண்.

திருத்துவது

இலக்கணப் பிழையைத் திருத்துவதால் பயனே இல்லை, விட்டுவிடலாம் என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். அதே துறையைச் சேர்ந்த டேனா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்தார். அந்த விவாதத்திலிருந்து வகுப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதாக நான் நினைப்பது, எல்லாவற்றையும் சிவப்பாக்கும் திருத்தம் யாருக்கும் உதவாது என்பதைத்தான். ஒரு வரைவில் இரண்டு வகைப் பிழைக்கு மேல் தொடாதீர்கள். முதல் வரைவில் கருத்தின் வரிசையையும் தொடக்கங்களையும் மட்டும் பாருங்கள். இலக்கணம் இரண்டாம் வரைவில். எப்படியும் நீக்கப்போகும் பத்தியில் 'தி' சேர்ப்பது இருவர் நேரத்தையும் வீணாக்குவது.

மேம்பட்ட நிலையில் இருக்கும் இந்த மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு பத்தியை ஆசிரியரே திரும்ப எழுதிக்கொடுப்பது. கருத்து மாணவருடையது, நடை உங்களுடையது. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டும். காரணம் கண்டுபிடிக்க முடியாத மாற்றங்கள்தான் அடுத்த வகுப்பின் பாடம். கணினி திருத்தியோ செயற்கை நுண்ணறிவோ மாற்றித் தந்தாலும் இதே நிபந்தனை: காரணம் சொல்ல முடியாத மாற்றத்தை ஏற்கக்கூடாது.

மாலையில் வேலை முடித்து வருபவர்களுக்கு வீட்டுப்பாடம் நடக்காது. 90 நிமிட வகுப்பில் 15 நிமிடம் வேக வாசிப்பு, 30 நிமிடம் பத்தியைக் கலைப்பது, 35 நிமிடம் அங்கேயே எழுதுவது, மீதி 10 நிமிடம் பிழைக் குறிப்பேடு. குறிப்பேட்டில் ஒரு நேரத்தில் மூன்று பிழை மட்டும், தன் சொந்த வாக்கியத்தோடு, திருத்திய வடிவத்தோடு. 'எக்விப்மென்ட்ஸ்' (தேவையில்லாத பன்மை), 'டிஸ்கஸ் அபௌட்' (தேவையில்லாத முன்னிடைச்சொல்) போன்றவை இங்கேதான் தீரும். தாளைக் கொடுக்கும் முன் அந்த மூன்றை மட்டும் தேடி ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தாளில் ஒரு பிழை வரவில்லையென்றால் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்ததை எழுதிக்கொள்ளலாம்.